கழிவு

மாசி மாதம், மல்வேர்ன்.
வெளியே சைபருக்குக் கீழே பதினெட்டு.
குசினியில் பிரிட்ஜ் செத்துக் கிடக்கிறது.

சத்தமில்லாமல்தான் போனது.
காலைத் தேத்தண்ணியில் பால் திரைந்தது,
அதுதான் மரண அறிவித்தல்.

பார்க்க வந்த பையன் பெயர் பர்ஹாத்.
சப்பாத்துக்கு மேல் நீலப் பை மாட்டி
பின்பக்கத்தில் காது வைத்துக் கேட்டான்.
கொம்ப்ரசர் என்றான்,
ஆஸ்பத்திரி வாசலில் வந்து சொல்வதுபோல.
சொன்னதற்கு நூற்றுப் பத்தொன்பது டொலர்.
வாரண்டி தையோடு முடிந்திருந்தது.
திருத்துவதைவிடப் புதுசு மலிவாம்.
மலிவு என்ற சொல்லை
இவ்வளவு பயத்தோடும் கேட்கலாம்
என்று அன்றுதான் தெரிந்தது.

முட்டையும் மீனும் பின்வளவுப் பனிக்குள் போயின.
பால் உறைந்து போத்தல் வயிறு ஊதியது.
முட்டைகள் ஒவ்வொன்றாய் வெடித்தன.
நண்டுக் கறியை ரக்கூன் ஒன்று
மூடி கழற்றி, கோது துப்பி,
எங்களைவிட நிதானமாய்ச் சாப்பிட்டது.

கிருபா யன்னலடியில் நின்று சொன்னார்:
"ஊர் முழுக்கச் சும்மா கொட்டிக் கிடக்கிற குளிரை
ஆயிரத்து எண்ணூறு குடுத்து வாங்கப் போறம்."
சிரிப்பார் என்று பார்த்தேன்.
அவர் பனியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வங்கியில் முந்நூற்றுப் பன்னிரண்டு.
கடனட்டை இன்னும்
கோடையில் போன உடுப்பு மெஷினைச் சுமக்கிறது.
மிச்சம் சீட்டுத்தான்.

ஞானேஸ்வரி அக்கா தாச்சி.
இருபது பேர், மாதம் இருநூறு.
கடைசிவரை பொறுத்து முழுசாய் எடுத்து
அபிராவின் பல்லுக்குக் கம்பி கட்ட
என்று நினைத்து வைத்த காசு.

ஞாயிறு ஆறு மணி, எல்லோரும் போனில்.
ஐந்நூறு என்று தொடங்கினேன்.
ஐந்நூற்றைம்பது என்றாள் தவமலர்.
எழுநூறு.
எண்ணூறு.
மற்றவர்கள் மூச்சுக்கூட விடவில்லை,
நாங்கள் ஏற ஏற அவர்களுக்கு லாபம்.

அவள் குரலுக்குப் பின்னால் ஒரு பிள்ளை இருமியது.
ஒவ்வொரு தொகைக்கும் முன்னால்
மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.
எனக்குக் கேட்டது.
கேட்டுக்கொண்டே
ஆயிரத்து இருநூறு என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, "விடுறன் அக்கா."
தாச்சிக்குச் சொன்னாளோ எனக்குச் சொன்னாளோ.

நாலாயிரத்தில் ஆயிரத்து இருநூறு கழிவு.
ஆளுக்கு அறுபதாய்ப் பிரிந்தது.
ஒரு அறுபது தவமலருக்கும்.

செவ்வாய் புதுசு வந்தது.
பழசைத் தூக்கிப் போக முப்பது டொலர்,
அதற்கும் கழிவுக் கட்டணம் என்றுதான் பெயர்.
அது நின்ற இடத்தில்
ஒரு சதுரத் தூசி, ஒரு பிள்ளைச் செருப்பு,
மஞ்சள் தண்ணி காய்ந்த வரைபடம்.

புதன் மரக்கறிக் கடையில் கேள்விப்பட்டேன்:
தவமலர் வீட்டில் வியாழனே பேர்னஸ் நின்றுவிட்டது.
நாலு பேரும் ஒரே அறையில்,
அடுப்பைத் திறந்துவைத்துப் படுக்கை.

எங்கள் சின்னச் சூடேற்றியைத் தூக்கிக்கொண்டு போனேன்.
கோட்டோடு கதவு திறந்தாள்.
கோட்டோடு தேத்தண்ணி ஊற்றினாள்.
பிறந்த பிள்ளையின் நிறை கேட்பதுபோல்
"எத்தனை லீட்டர்?" என்றாள்.
சொன்னேன்.
"பெரிசுதான்" என்றாள்.
வேறு ஒன்றும் கதைக்கவில்லை.
சூடேற்றி சிவந்து வர
இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

புது பிரிட்ஜ் கதவை
ஒரு நிமிஷம் கூட வைத்திருந்தால் கத்துகிறது.
என்ன எடுக்க வந்தேன் என்று
யோசிக்க விடுவதில்லை.

அடுத்த ஞாயிறுக் கூறலில்
நான் வாய் திறக்கவில்லை.
அவள் எடுத்த எடுப்பில் "ஆயிரம்" என்றாள்.
இனி யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன்.

"ஆயிரத்து ஐம்பது."

ஒரு ஆம்பிளைக் குரல்.
வினாசித்தம்பி அண்ணையாய் இருக்கவேணும்.
அவருக்குப் பின்னால், எங்கேயோ,
சொட்டுச் சொட்டாய்த் தண்ணி
வாளிக்குள் விழுந்துகொண்டிருந்தது.